ஒன்பதாவது வளைவில் வலது பக்கம்

போடிநாயக்கனூர்
3-3-1958

அன்புள்ள மகன் சௌந்தரபாண்டியனுக்கு,

ஒன்பதாவது வளைவில் ஜீப்பை வலது பக்கம் ஒடித்தவன் நீ. பேச்சிமுத்து இல்லை. இதை முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் நலம் விசாரிக்கிறேன். போன இரண்டு கடிதங்களிலும் நலத்தை முதலில் விசாரித்தேன், நீயும் நலத்துக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, அங்கே பெய்கிற பனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாய். அதனால் இந்த முறை வரிசையை மாற்றியிருக்கிறேன். இங்கே கர்த்தர் கிருபையில் எல்லாரும் உண்டு உறங்கி நடமாடுகிறோம், உன் அப்பாவுக்கு மட்டும் உறக்கம் கொஞ்சம் குறைச்சல், அதற்குக் காரணம் நான்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெர்மனியில் நீயும் உன் மூக்கும் சளி இல்லாமல் இருக்கிறீர்களா, நான் கொடுத்தனுப்பிய கம்பளி பனியனைப் போடுகிறாயா அல்லது அதைப் போட்டால் அந்த ஊர்ப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்று பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறாயா, உண்மையை எழுது. இந்த ஒன்றிலாவது உண்மையை எழுதிப் பழகு, மற்றது தானாக வரும்.

லில்லிக்கு இந்த மாதம் பரீட்சை. பூகோளப் புத்தகத்தில் உன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து மையால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள், அண்ணன் ஒளிந்திருக்கிற இடம் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மலையில் கடைசி எடுப்பு முடிந்து ஏலக்காய் எல்லாம் கீழே வந்துவிட்டது. ஜீப்பை இப்போது ஓட்டுகிறவன் தேவாரத்துக்காரன், ஜக்கையன் என்று பெயர், நல்ல பையன், ஆனால் அவன் ஊரில் யானை வந்து தோட்டத்தை மிதிக்கிற பழக்கம் உண்டாம், அந்தப் பயத்தில் மலை ரோட்டில் கரும்பாறை எதைக் கண்டாலும் பிரேக்கை மிதித்துவிடுகிறான். ஏனப்பா நிற்கிறாய் என்று கேட்டால், பாறைதான்னு தெரியுதும்மா, ஆனா அது எந்திரிச்சிருச்சுன்னா என்ன செய்யிறது என்கிறான். காலையில் மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருகிறான். பேச்சிமுத்து ஓட்டின நாளில் அந்த நேரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருப்பான். பேச்சிமுத்து எங்கே என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லுகிறேன். கோர்ட் முடிகிறவரை அவன் லைசென்சைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், அதனால் உன் அப்பா பெரிய மனது பண்ணி அவனைக் கடைப் பின்கட்டில் உட்காரவைத்திருக்கிறார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பச்சைக் காய் வேறு வெளுத்த காய் வேறாகப் பொறுக்குகிறார்களே, அந்த வட்டத்தில், பதினாலு வருஷம் மலை ரோட்டில் வண்டி ஓட்டின ஆள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதல் நாளே செல்லக்கிளி ஆரம்பித்துவிட்டாள். அவள் வாய் உனக்குத் தெரியும். டிரைவரண்ணே, பச்சைக் காயி இந்தப் பக்கம், வெளுத்த காயி அந்தப் பக்கம், நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் வலப் பக்கமா ஒடிச்சிராதீக என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, நான் ஒடிச்சிருந்தாத்தான தாயி என்று சொல்லிவிட்டு, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு முறத்துக்குள் குனிந்துகொண்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டேன். அன்றைக்குத்தான் இதைப் பற்றி உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

உனக்கு ஞாபகம் குறைந்துவிட்டது போல இருக்கிறது, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நவம்பர் மாதம் நீ லீவில் வந்திருந்தாய். மெட்டுக்கு அந்தப் பக்கம் நம் தோட்டத்துக்கு நீ, நான், பேச்சிமுத்து மூன்று பேரும் போனோம். திரும்பும்போது நான் பின்னால் காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மெட்டுச் சாவடியில் வண்டி நின்றபோது நீ இறங்கிப் போய் பேச்சிமுத்துவைத் தள்ளி உட்காரச் சொன்னாய். மூன்று வருஷமாக ஜெர்மனியில் கார் ஓட்டுகிறவனுக்கு இந்த ஓட்டை ஜீப் ஒரு பொருட்டா என்றாய். அவன், தம்பி, வண்டி ஓட்டைதான், ரோடு அப்படி இல்ல, நான் ஓட்டிட்டு வர்றேன் நீங்க வேடிக்கை பாத்துட்டு வாங்க என்றான். நீ கேட்கவில்லை. முதலாளி மகன் கையை நீட்டிய பிறகு சாவியைக் கொடுக்காமல் இருக்கிற டிரைவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. இறங்க ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவன், ஹாரன் தம்பி, ஹாரன் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்தான். நீ அடிக்கவில்லை. அங்கே காரணமில்லாமல் ஹாரன் அடித்தால் போலீஸ்காரன் அபராதம் போடுவான், பக்கத்து வண்டிக்காரன் காட்டுமிராண்டி என்று நினைப்பான் என்று எட்டு வளைவுக்கும் எங்களுக்குப் பாடம் நடத்தினாய். அங்கே தெருக்கள் கூடுகிற இடத்தில் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கே முதல் வழி, அவன் துரையானாலும் சரி குப்பை வண்டிக்காரனானாலும் சரி என்றாய். அது எனக்குப் பிடித்திருந்தது, உள்ளதைச் சொல்லுகிறேன். அப்போது பேச்சிமுத்து, இங்கயும் அப்படித்தான் தம்பி, ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி, எறங்குறவன் நிக்கணும், அது யாராருந்தாலும் என்றான். நீ, மாட்டு வண்டிக்குமா அண்ணே என்று கேட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒன்பதாவது வளைவு வந்தது. அழகுமலையின் மாட்டு வண்டி, அரிசி மூட்டை ஏற்றி, ஒழுங்காகத் தன் இடது பக்கம் மலையை ஒட்டி ஏறி வந்துகொண்டிருந்தது. நீ இடது பக்கம் போயிருந்தால் இரண்டு வண்டி போகிற அளவு இடம் இருந்தது. உன் கை வலது பக்கம் போனது. நேரே அவன் மேல். நான் மூட்டைகளுக்கு மேலே இருந்ததால் எல்லாம் தெரிந்தது. ஒரு மாட்டுக்குக் கொம்பு போயிற்று, நுகத்தடி இரண்டாயிற்று, அழகுமலை வாய்க்காலில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். நீ இறங்கி ஓரக்கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டது என்பதை நான் நம்புகிறேன், மகனே. அந்த அளவுக்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அதற்குப் பிறகு வருகிறது.

உன் அப்பா அடுத்த பஸ்சில் மேலே வந்தார். நாலு நாளில் உனக்குப் பம்பாயில் கப்பல். உன்னிடம் இருந்தது ஜெர்மனி லைசென்சு, இங்கே அது விசிறிக்கொள்ளத்தான் உதவும். அவர் உன்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், அப்புறம் பேச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சி, தம்பி கப்பலேறணும்ப்பா, நீ ஓட்டுனதா இருந்துட்டுப் போகட்டும், லைசென்சு ஒங்கிட்டதான இருக்கு என்றார். அவன் சரிங்க மொதலாளி என்றான். அந்தச் சரிங்க வருவதற்கு ஒரு ஹாரன் அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் அவன் உதவி செய்தான் என்று வைத்துக்கொள்வேன். யோசிக்காமல் சொன்னான், ஏனென்றால் உன் கை எப்படி மூன்று வருஷத்தில் வலது பக்கத்துக்குப் பழகியதோ அப்படி அவன் வாய் பதினாலு வருஷத்தில் சரிங்க சொல்லப் பழகியிருக்கிறது. நம் வீட்டில் கண்ணாடி உடைந்தால் வேலைக்காரி உடைத்தாள், தராசு தப்பினால் எடைபோடுகிறவன் தப்பினான், மழை பெய்து காய் நனைந்தால்கூடக் காவல்காரன் மேல்தான் மழை பெய்தது. இந்தச் சட்டத்தை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, இதற்கு லைசென்சும் கேட்பதில்லை, ஆனால் மலை ரோட்டுச் சட்டத்தைவிடக் கண்டிப்பாக நடக்கிறது. நானும் அங்கேதான் நின்றேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேசாமல் இருப்பதற்கு அது நல்ல வசதி. அதனால் உனக்கு எழுதுகிற எல்லாவற்றையும் எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அப்பா நினைத்தது ஒரு சின்ன அபராதத்தோடு போய்விடும் என்று. ஆனால் வந்த சப்-இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். டயர்த் தடத்தை அடி வைத்து அளந்திருக்கிறார், பன்னிரண்டு அடி தூரம் வண்டி தப்பான பக்கத்தில் போயிருக்கிறது. ரோட்டில் கல் பரப்புகிறவர்களை விசாரித்திருக்கிறார், ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்றிருக்கிறார்கள். பதினாலு வருஷ டிரைவர், பட்டப்பகலில், ஹாரன் அடிக்காமல், காலியாகக் கிடக்கிற இடது பக்கத்தை விட்டுவிட்டு, எதிரே வருகிற மாட்டைத் தேடிப் போய் முட்டுவானா. அவருக்கு ஒரு காரணம்தான் தெரிந்தது. வண்டி வந்தது மெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கம் வேறு ராஜ்யம், கள்ளுக்கடை உண்டு, இந்தப் பக்கம் மதுவிலக்கு. குடித்திருந்தான் என்று எழுதிவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். குடிக்காமல் வலது பக்கம் போகிற மனுஷன் ஒருவன் உலகத்தில் உண்டு, அவன் ஜெர்மனியிலிருந்து வந்தவன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது பேச்சிமுத்துவுக்கு லைசென்சு ஆயுசுக்கும் போகும், மதுவிலக்குச் சட்டத்தில் ஜெயிலும் கிடைக்கும் என்கிறார் வக்கீல். வயிற்றுப்புண்ணுக்குப் பயந்து காப்பி குடிக்காமல் மோர் குடிக்கிறவன் அவன். மெட்டில் நீ டீ குடித்தபோது அவன் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தான், நீயும் பார்த்தாய். போன வாரம் அவன் மனைவி ராக்கு சிலமலையிலிருந்து நடந்து வந்து பின்வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. செயிலுக்குப் போறதுன்னா போகட்டும் ஆத்தா, ஒங்க சோறு தின்ன கடனுக்குப் போனாருன்னு வச்சுக்கிறேன், குடிச்சுட்டுப் போனாருன்னு சொல்றதுதான் பொறுக்கல, கெணத்தடியில எம் மகள கண்டவளுக எல்லாம் கேக்குறாளுக, ஒங்கய்யா எத்தன கலயம் கள்ளு குடிச்சாருடீன்னு என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அழகுமலைக்குத் தெரியுமே யார் ஓட்டியது என்று நீ கேட்கலாம். தெரிந்திருந்தது. உன் அப்பா அவனுக்கு நல்ல ஜோடி மாடு ஒன்று பிடித்துக் கொடுத்தார். மாடு வந்த நாளிலிருந்து அவனுக்கு அன்றைக்கு எதிரே வந்தது ஜீப்பா லாரியா என்பதே சரியாகத் தெரியவில்லை. கை மட்டும் முறிந்திருக்கிறது என்கிறான்.

இனி நான் உனக்குச் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லப்போகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, கோயில் மாதர் சங்கத்தில் ஜெர்மனி ரோட்டுச் சட்டம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், விவரமாக எழுது என்று. நீ சந்தோஷம் தாங்காமல் ஒன்பது பக்கம் எழுதினாய். உன் படிப்பைப் பற்றிக்கூட இவ்வளவு நீளம் எழுதியதில்லை. எல்லாரும் வலது பக்கம் போகவேண்டும், முந்துகிறவன் இடது பக்கமாக முந்தவேண்டும், ஸ்டியரிங்கும் இடது பக்கம்தான் இருக்கும், ரோட்டில் வெள்ளைப் பட்டை போட்ட இடத்தில் நடக்கிறவர்களைப் பார்த்துப் போகவேண்டும், பெரிய சாலையில் வேகத்துக்கு அளவே கிடையாது ஆனால் தப்பான பக்கம் போனவனை யாரும் மன்னிக்கமாட்டார்கள், விபத்து நடந்தால் ஓட்டினவன் ஓடிப்போகாமல் அங்கேயே நின்று தன் பெயரைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம், இதெல்லாம் உன் கையெழுத்து. இந்த இடத்தைப் படித்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அடுத்த பக்கத்தில், ஆறாம் பக்கம், நடுவில் எழுதியிருக்கிறாய். பழக்கத்தைப் பாருங்கள் அம்மா, லீவில் வந்தபோது நம் மலை ரோட்டிலேயே என் கை தன்னால் வலது பக்கம் போய்விட்டது, நல்ல வேளை பெரிய சேதமில்லை. இதற்காகத்தான் கேட்டேன், மகனே. கள்ளத்தனம்தான். ஆனால் பொய் இல்லை, சங்கத்தில் உண்மையாகவே பேசினேன், ஐந்தாம் பக்கம் வரைக்கும் படித்துக் காட்டினேன், எல்லாரும் கைதட்டினார்கள், கடைக்காரர் மனைவி ஒருத்தி, அங்க எல்லாரும் வலப் பக்கம் போனா எடப் பக்கம் யாரு போவாக என்று கேட்டாள், திரும்பி வருகிறவர்கள் போவார்கள் என்று சமாளித்தேன். ஆறாம் பக்கம் என் பைபிளுக்குள் இருக்கிறது. உன் அப்பா தேடுவார், ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் தேடமாட்டார், அதை அவர் கோயிலில் சத்தமாக வாசிப்பதோடு சரி.

கை தன்னால் போகும் என்பது உண்மையா என்று எனக்கே பார்க்கவேண்டும் போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போன சமயம், காய் உலர்த்துகிற களத்தில் நின்ற ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சினைப் போடவில்லை, பயப்படாதே. பேச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலையிலிருந்து இறங்குகிறோம், எனக்கு வழி சொல் என்றேன். முதலில் வெட்கப்பட்டான், அப்புறம் அவனை அறியாமலே முதல் வளைவு, ஹாரனுங்கம்மா, ரெண்டாவது வளைவு, கியரக் கொறைங்க, ஏறுற வண்டி வருது நில்லுங்க என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் வாயாலேயே ஹாரன் அடித்தேன். செல்லக்கிளி முறத்தோடு எட்டிப் பார்த்து, அம்மா, ஜீப்பு எங்க வரைக்கும் வந்திருக்கு, எறங்கித் தள்ளணுமா என்று கேட்டாள். அவளையே வண்டிக்கு எதிரே நடந்து வரச் சொன்னேன். அப்புறம் பேச்சிமுத்துவை என் இடத்தில் உட்காரவைத்து, அவள் எதிரே வரும்போது வலது பக்கம் ஒடி என்றேன். ஒடிக்கவில்லை. நான் கத்துகிறேன், வலது பக்கம், வலது பக்கம் என்று. அவன் கை இடது பக்கமே போகிறது. நாலு தடவை செய்தான், நாலு தடவையும் இடது பக்கம். வேர்த்துப்போய், முடியலங்கம்மா, கை வரமாட்டேங்குது என்றான். நான் போய் வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார், களத்துல நிக்கிற ஜீப்பு கோர்ட்டுக்கு வராதுங்கம்மா என்றார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். ஓட்டினவனே, நான்தான் ஓட்டினேன், அங்கத்திய பழக்கத்தில் வலது பக்கம் போனேன், பேச்சிமுத்து குடிக்கவில்லை என்று எழுதி, அங்கே இருக்கிற நம் நாட்டுத் தூதர் ஆபீசில் ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கோர்ட்டு கேட்கும். உன் மேல் லைசென்சு இல்லாமல் ஓட்டினாய் என்று ஒரு கேஸ் வரலாம், அபராதம் வரலாம். நான் சாட்சி சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லலாம், ஆனா டிரைவரைக் காப்பாத்த மொதலாளியம்மா பெத்த மகனைப் பழிக்குறாகன்னு எதிர் வக்கீல் சொல்வாரு, பாதி நம்புவாக பாதி நம்பமாட்டாக என்றார்.

உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, நீ பெத்த தாய்தானா, நாளைக்கு அவன் படிச்சு முடிச்சு வந்து சர்க்கார் பாக்டரியில பெரிய வேலைக்குப் போகணும், பேருல ஒரு கேஸு இருந்தா எவன் வேலை குடுப்பான் என்றார். நான், அது கறைதான், ஆனால் உங்கள் மகன் பெயரில் விழுந்தால் கறை, பேச்சிமுத்து பெயரில் விழுந்தால் சலவைக்குப் போட்ட துணியா என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்துகொண்டே, ரசத்தில் உப்பில்லை என்பதை லில்லி மூலமாகச் சொல்லி அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை, சௌந்தரம். பேச்சிமுத்து ஜெயிலுக்குப் போனால் அவன் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி அனுப்புவதாகச் சொல்லுகிறார், உண்மையாகவே அனுப்புவார். அரிசி அனுப்பினால் சரியாகிவிடும் என்று அவர் நினைப்பதில்தான் எங்கள் சண்டை. நீ அங்கே மூன்று வருஷம் இருந்து, குப்பை வண்டிக்காரனுக்கும் துரைக்கும் ஒரே சட்டம் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். அந்தச் சட்டத்தைக் கப்பலிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தாயா. வலது பக்கம் போகிற பழக்கத்தை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தாய், நின்று பெயரைச் சொல்லுகிற பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரோட்டைக் கடக்கும்போது அங்கே முதலில் இடது பக்கம் பார்க்கவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய், மறந்துவிடாதே, ஊர் ஞாபகத்தில் வலது பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கிவிடாதே. அளவில்லாத ரோட்டில் நீயும் அளவில்லாமல் போகாதே. ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று வயிறு கட்டினால் நான் அனுப்பிய ஓமத்தை வெந்நீரில் போட்டுக் குடி. கேஸ் மார்ச் மாதம் இருபத்தெட்டாம் தேதி எடுக்கிறார்கள். ஏர்மெயில் வர ஏழெட்டு நாள் ஆகிறது, அதனால் இது கிடைத்த வாரமே தூதர் ஆபீசுக்குப் போ. ஒன்பது பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். அது வராவிட்டால் அன்றைக்கு நான் கோர்ட்டுக்குப் போவேன், ஆறாம் பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போவேன், பாதிப்பேர் நம்பாவிட்டால் பரவாயில்லை, மீதிப் பாதிப்பேர் இருக்கிறார்கள். உன்னைப் பற்றி உன் அம்மா சொல்லி ஊர் தெரிந்துகொள்வதைவிட நீ சொல்லித் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவு பேப்பரை வீணாக்குகிறேன். உன்னைக் கருவில் சுமந்த நாளிலிருந்து உனக்காக ஜெபிக்காமல் நான் படுத்ததில்லை, இனியும் அப்படித்தான். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உனக்கு நல்ல புத்தியையும் அதற்கேற்ற தைரியத்தையும் கொடுப்பாராக.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
ஜெயபாக்கியம் சத்தியநேசன்

பி.கு. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். தபால்காரர் அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தார். பேச்சிமுத்து முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி, தம்பிகிட்டருந்து ஏதும் வந்துச்சுங்களாம்மா என்று கேட்டான். இரண்டு மாதமாகத் தினமும் கேட்கிறான். தினமும் ஒன்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கப்பல் தாமதம் என்றேன், அங்கே பனி என்றேன், உனக்குப் பரீட்சை என்றேன், என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. நாளைக்கும் தபால்காரர் வருவார், அவனும் கேட்பான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும், நீயே எழுது.